எங்கள் பட்டறை மாமியார்

ஒரே ஒரு மிஷினை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே பகைத்துக்கொள்ள முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று கற்பூரம் அணைத்துச் சொல்வேன். கிருஷ்ணகிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஐம்பதுகளில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே அந்தக் காரியத்தைச் செய்துகாட்டிய மகானுபாவர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் மாமியார் என்று கூப்பிட்டோம்.

பெண்பிள்ளை அல்ல. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிறுத்தலாம் போன்ற மீசை உள்ள ஆண்பிள்ளை. ஆனால் யார் எந்த வேலை செய்தாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, மூக்கால் "ம்ஹூம்" என்பார். குழம்பில் உப்பு கூடிவிட்ட மாதிரி இருக்கும் அந்த ம்ஹூம். முதலில் அவர் காதில் விழாமல்தான் மாமியார் என்றோம். பிறகு காதில் விழவே சொன்னோம். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எங்கள் முதலாளி பெங்களூரில் பழைய கரண்டு டிரில் ஒன்று வாங்கினார். அதற்கு முன்பு எங்கள் ஆட்கள் கைத் துரப்பணத்தால் மரத்தையும் இரும்பையும் குடைந்து குடைந்து தோள்பட்டை இறங்கிப்போயிருந்தார்கள். மிஷின் கனத்த உலோக உடம்பும் நீளமான கறுப்பு வாலுமாக வந்து இறங்கியது. அதை ஓட்டத் தெரிந்தவர் என்று கூடவே இவரும் வந்து இறங்கினார். மிஷினுக்குக் காசு கொடுத்தேன், விற்றவன் மாமியாரை இனாமாகக் கட்டிவிட்டான் என்று முதலாளி அடிக்கடி நொந்துகொள்வார்.

காலையில் அவர் செய்யும் அனுஷ்டானத்தைப் பார்த்தால் எந்தக் கோயில் குருக்களும் வெட்கப்படுவார். மிஷினைப் பெட்டியிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுப்பார். காற்றுப் போகிற துவாரங்களில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். கருகல் வாசனை வருகிறதா என்று பார்க்கிறாராம். பிறகு ஒயரை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரல்களுக்கு இடையில் விட்டு உருவுவார். அதில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தாலும் அன்றைக்கு எல்லாருக்கும் துரப்பணம்தான். ஒருமுறை யாரோ ஒருவன் ஒயரைப் பிடித்து மிஷினைத் தூக்கிவிட்டான். "ஒன் புள்ளைய தூளியில இருந்து எப்பிடித் தூக்குவ, காலப் புடிச்சா?" என்று கேட்டவர், அன்று முழுவதும் அவன் பக்கமே திரும்பவில்லை.

மிஷின் பரிசோதனை முடிந்ததும் மனிதப் பரிசோதனை. பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோல் எல்லாரும் உள்ளங்கையை நீட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் போய்த் துடைத்துக்கொண்டு வர வேண்டும். தோளில் துண்டு கூடாது. வேட்டியை இறுக்கித் தார்பாய்ச்ச வேண்டும். கையில் மோதிரம், கோயில் கயிறு எதுவும் ஆகாது. எங்கள் ஆசாரிக்குக் குடுமி. அதைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தால்தான் ஆயிற்று என்று மாமியார் நின்றபோது ஆசாரி கொதித்துப்போனார்.

"எங்கப்பன் காலத்துலருந்து துரப்பணம் புடிக்கறோம். எனக்கு நீ கத்துக் குடுக்கறியா?"

"துரப்பணம் நீ நிறுத்துனா நிக்கும் ஆசாரி. இது நிக்காது. குடுமி மாட்டுச்சினா தலை இங்க இருக்கும், நீ அங்க இருப்ப. சும்னிரப்பா."

சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அதற்குமேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். பெங்களூர்ப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் பல வருடம் இருந்தவர் ஆதலால் கோபம் மட்டும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

அந்த மிஷினுக்கு ஒரு சாவி உண்டு. துளையிடும் ஊசியை மாற்ற வேண்டுமானால் அந்தச் சாவியைப் போட்டுத் திருக வேண்டும். திருகிவிட்டு எடுக்க மறந்து மிஷினை ஓடவிட்டால் அது தோட்டா மாதிரி பறக்கும் என்பார். வேறு யாராயிருந்தாலும் அதை ஆணியில் மாட்டிவைப்பார்கள். இவர் தன் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டார். சாவி தொங்கிய கயிறு சாண் நீளம்கூட இல்லை. ஊசி மாற்ற வருகிறவன் எவனானாலும் மிஷினோடு வந்து அவர் வயிற்றோடு வயிறு ஒட்டி நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் இரண்டு பேரும் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள். அப்படி ஒட்டி நிற்கும்போதும் காதருகே ஒரு "ம்ஹூம்" வரும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து மாங்காய் வியாபாரி ஒருவர், புது லாரிக்கு முதல் துளையைத் தன் கையால் போட வேண்டும் என்று நல்ல நேரம் பார்த்து வந்தார். பட்டு அங்கவஸ்திரம், விரலுக்கு விரல் மோதிரம், கூடவே ஆரத்தித் தட்டோடு மனைவி. மாமியார் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் லாரி, நான் துளை போடுகிறேன், உனக்கு என்ன என்று வியாபாரி சத்தம் போட்டார்.

"லாரி ஒங்களுதுதாங்க. மிசினு யாரு வேட்டின்னு பாத்து சுத்தாதுங்க," என்றார் மாமியார்.

கடைசியில் அந்தப் பெரிய மனிதர் பனியனோடு, தார்பாய்ச்சிய வேட்டியோடு, துளை போடும்போது மாமியார் கண்ணுக்கு மாட்டும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆரத்தித் தட்டை வைத்திருந்த மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவருடைய அடுத்த லாரிக்குச் சேலத்தில் பாடி கட்டினார்கள். முதலாளி ஒரு வாரம் மாமியாரிடம் பேசவில்லை. அதை அவர் விடுமுறையாக எடுத்துக்கொண்டார்.

பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஓர் இரும்புக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். மிஷின் உடம்பில் கரண்டு கசிந்தால் ஒயருக்குள் இருக்கும் மூன்றாவது கம்பி வழியாக அது பூமிக்குப் போய்விடுமாம். எங்களுக்கு அதில் பாதிகூட நம்பிக்கை இல்லை. குழாய்க்குத் தண்ணீர் விடும் மனிதரைப் பார்த்த பக்கத்துத் தெருப் பெண்கள், விஷயம் இருக்கும்போல என்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி முட்டைகூட வைத்தாள். மாமியார் அதை ஆம்லெட் போட்டுத் தின்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஆயுத பூஜை வந்தால் எப்படி இருக்கும்? முதல் வருடம் மிஷினுக்குச் சந்தனம் குழைத்துப் பூசப் போனபோது அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். துவாரத்தில் சந்தனம் போனால் உள்ளே ஈரம் தங்கும், தொட்டவன் போய்ச்சேருவான் என்றார். பிறகு வேறு ஒரு டிரில்லைக் கொண்டுவந்து வைத்தார். பலா மரத்தில் ஆசாரியை விட்டுச் செய்த பொம்மை. பின்னால் வாலுக்குத் தாம்புக்கயிறு.

"சாமிக்கே டூப்ளிகேட்டாடா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

மாமியார் முதலாளியைத் தணி என்றுதான் அழைப்பார். எஜமானருக்குக் கன்னடச் சொல். "சாமிக்குத் தெரியும் தணி. கரண்டுக்குத்தான் தெரியாது."

அந்த வருடம் மரப் பொம்மைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டோம். ஊர் சிரித்தது. அதனால் அடுத்த வருடம் முதலாளி ஒரு தந்திரம் செய்தார். பூஜைக்கு முந்தின நாள், மிஷினுக்குள் இருக்கும் கார்பன் கட்டை தேய்ந்துவிட்டது, பெங்களூர் போய் வாங்கி வா என்று மாமியாரை அனுப்பிவிட்டார். அந்த மிஷினுக்கு என்றால் அவர் எமலோகத்துக்கும் போய்வருவார். போனார்.

விஜயதசமிக் காலை. பட்டறைத் தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். பலகைமேல் வாழையிலையில் மிஷின் இருந்தது. உலோகம் தெரியாத அளவுக்குச் சந்தனம், மூக்கைச் சுற்றி மல்லிகைச் சரம். பூஜை முடிந்து மிஷினை ஒருதரம் ஓடவிட்டு எடுத்தால்தான் வருடத் தொழில் ஆரம்பம். ஆனால் ஒயர் சுவர்வரை எட்டவில்லை. கலர் பல்பு கட்ட வந்திருந்தவன் மூன்று கால் பிளக்கை வெட்டி எறிந்தான். இரண்டு கம்பிகளைத் தன் பல்பு லைனில் முறுக்கினான். மூன்றாவது கம்பி தேவையில்லாததுங்க என்று மடக்கிவிட்டான். படித்தவன் நான், தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மிஷினை யார் ஓடவிடுவது? கன்னிப்பெண் கையால் ஆரம்பித்தால் வருடம் முழுக்க வேலை குவியும் என்றாள் முதலாளியின் மனைவி. எல்லாரும் என் மகள் வசந்தாவைப் பார்த்தார்கள்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, வேண்டாத தெய்வம் இல்லை என்று ஆனபிறகு எங்களுக்குப் பிறந்தவள். ஒரே பெண். அன்று காலைதான் அரிசியில் எழுதவைத்து நேராக அழைத்துவந்திருந்தோம். பட்டுப்பாவாடை, காலில் வெள்ளிக் கொலுசு. கழுவிய தரையில் ஈரக் கால்களோடு நின்றாள். "இந்த விசைய அமுக்கு கண்ணு," என்று முதலாளி காட்டினார். குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

பெங்களூரில் தசராவுக்குக் கடை அடைத்துவிட்டார்களாம். இரண்டு நாள் அலைந்தும் கார்பன் கிடைக்காமல் மாமியார் அன்று முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டார். வாசலில் துணிப்பையோடு நின்றவர் காலடியில் அந்த வெட்டிய பிளக்கைப் பார்த்தார். கத்தவில்லை. ஓடி வந்து என் மகளைப் பாவாடை நாடாவோடு பிடித்து இழுத்து வீசினார்.

வசந்தா பலகை முனையில் முகம்பட விழுந்தாள். வாய் முழுக்க ரத்தம். என் மனைவி அலறினாள். நான் போய் மாமியாரை ஓங்கி அறைந்தேன். வாழ்நாளில் நான் கைநீட்டிய ஒரே ஆள் அவர்தான். அவர் கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

"தொட்டுட்டாளா?" என்றார். திரும்பவும், "கணக்குப்புள்ள, தொட்டுட்டாளா?"

முதலாளிக்கு வெறி வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா கொழந்த ரத்தத்தப் பாத்துட்டியேடா பாவி. மிசினுக்கு என்னாடா? தோ, நான் புடிக்கறேன் பாரு."

பிடித்தார். மல்லிகைச் சரம் ஒரு சுற்றுச் சுற்றிப் பூவாகப் பறந்தது. மறு நிமிடம் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தார். கை மிஷினை விடவில்லை. தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்கள்? சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டோம். பட்டறை முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதலாளியின் மனைவி கற்பூரத்தட்டோடு கிட்டே போகப் பார்த்தாள்.

மாமியார் ஒருவர்தான் சுவரோரம் ஓடி மெயினைக் கீழே இழுத்தார். கலர் பல்பெல்லாம் அணைந்தது. முதலாளி வாழையிலைமேல் சரிந்தார்.

உயிர் இருந்தது. ஆகிருதியான ஆள் என்பதால் உள்ளங்கை இரண்டும் வெந்ததோடு போயிற்று என்றார் டாக்டர். நான் வசந்தாவின் கைகளை விரித்துப் பார்த்தேன். என் ஒற்றைக் கைக்குள் இரண்டும் அடங்கின. அதற்குப் பிறகு பல நாள் அவள் தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது சுவிட்சைத் தட்டினால் அவர்கள் கால் ஈரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு அப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால் எங்களை உங்களுக்குத் தெரியாது. கட்டுப்போட்ட கையோடு வந்த முதலாளி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். மிஷினுக்குக் கண்திருஷ்டி. பெரிய பூசணிக்காயாக வாங்கி, மிஷினைச் சுற்றி, வாசலில் உடைத்தார்கள். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். ஒரு ம்ஹூம்கூட வரவில்லை. பிறகு இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"ஒங்களுக்குத் துரப்பணமே போதும் தணி," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மறுநாள் அவர் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டு வசந்தாவை அழைத்துக்கொண்டு ஓடினேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவர் குனிந்து குழந்தையின் மோவாயைத் தூக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, உடைந்த பல்லை வெகுநேரம் பார்த்தார்.

"பால்பல்லுதான். மொளைக்கும்," என்றார். அதோடு விட்டிருக்கலாம். என்னை நிமிர்ந்து பார்த்தார். "லாரி போற ரோட்டுல கொழந்தைய எந்தப் பக்கமாப் புடிச்சிக்கினு நிக்கற? படிச்ச ஆளுதான நீ?"

வசந்தாவை உள்பக்கம் மாற்றி நிறுத்தினேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

வசந்தா இப்போது தாவணி போடும் பெண். பல் அழகாக முளைத்துவிட்டது. ரோட்டில் நடக்கும்போது நான் அவளைச் சுற்றிவந்து லாரிப் பக்கம் போய் நின்றுகொண்டால், "எல்லாரும் பாக்கறாங்கப்பா," என்று கூச்சப்படுகிறாள். நான் நகர்வதில்லை. பெங்களூர் பஸ் ஒன்று கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு, சரியான பக்கத்தில்தான் நிற்கிறேன்.