கண்ணாடி ஒட்டாத போன்

எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமென்றால் அதை நான் எடுக்காமல் இருக்க வேண்டும். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆடி மாசம் புது போன் வாங்கி வந்த அன்றைக்குக் கூடத்தில் நின்று சத்தமாக அறிவித்தேன்.

"இந்த போனுக்கு நான் கிளாஸ் ஒட்ட மாட்டேன்."

என் சம்சாரம் சுமலதா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஏன் மாமா, ஒட்டினா இன்னாவாம்?"

"கம்பெனிக்காரனே கெட்டிக் கண்ணாடி போட்டுத்தான் குடுத்துகிறான். கண்ணாடி மேல எதுக்கு இன்னொரு கண்ணாடி? ரெயின்கோட்டு போட்டுக்கினு எவனாச்சும் கொடை புடிப்பானா?"

"போன ஐப்பசில நீ அப்பிடித்தான் போன."

"அது பேய்மழ. இது போனு."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மோட்டாருக்கு அலுமினிய மூடி செய்கிற கம்பெனியில் நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். டியூப் லைட்டுக்குக் கீழே மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணிமை மயிர் அளவுக்குக் கோடு தெரிந்தாலும் ஒரு சிவப்பு பெயின்ட் பொட்டு வைப்பேன். பொட்டு விழுந்தால் பீஸ் ரிஜெக்ட். அப்புறம் முதலாளியே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. என் சிவப்புப் பொட்டைக் கண்டு நடுங்காத ஆப்பரேட்டர் அங்கே கிடையாது. அந்த மரியாதை ரயில் ஏறி வீடு வரைக்கும் வருவதில்லை, அவ்வளவுதான்.

சுமலதா எல்லாவற்றுக்கும் கவர் போடுகிறவள். மிக்சிக்குப் பாவாடை தைத்திருக்கிறாள். பிரிட்ஜ் கைப்பிடிக்குக் கம்பளி. டிவி ரிமோட்டை வாங்கிய அன்றே பிளாஸ்டிக்கில் சுற்றிவிட்டதால், அதன் பட்டனை இதுவரை நாங்கள் நேரில் தொட்டதே இல்லை. இந்த ஒரு போனையாவது வெறும் விரலால் தடவ வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு குடும்பஸ்தனுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

"சரி மாமா, ஒட்ட வேணாம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாள் முதல் 'சரி' என்று அவள் ஆரம்பித்து நான் கேட்டதில்லை.

"ஆனா பெரியபாளையத்தா காலடில வெச்சு எடுக்காம நீ சிம் போடக் கூடாது."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். பைக்கானாலும் கிரைண்டரானாலும் பெரியபாளையம் பவானியம்மன் பார்த்த பிறகுதான் மனிதர்கள் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட். அவளே பஸ் ஏறிப் போய், ஆடிக் கூட்டத்தில் இடிபட்டு, சாயந்தரம் போனோடு திரும்பினாள். நெற்றியில் மூன்று விரல் மஞ்சள், நடுவில் குங்குமம், தலைமேல் எலுமிச்சம்பழம். அவளுக்கில்லை, போனுக்கு. துடைத்துப் பார்த்தேன். கடையில் பார்த்ததைவிடப் பளபளத்தது.

"இன்னா ஷைனிங் பாத்தியா சுமா?"

"எல்லாம் அம்மன் அருள் மாமா," என்றாள். நம்பினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு தேசப்பன் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் டீ கொதிக்கிற வாசனை எந்த சவாரியில் இருந்தாலும் அவருக்கு எட்டிவிடும்.

"கிளாஸ் ஒட்டலியா பரசு? கோடு விழுந்துடும்பா."

பைக் சாவியை எடுத்தேன். போன் முகத்தில் வைத்து, பரோட்டாக் கல்லைச் சுரண்டுகிற மாதிரி பரபரவென்று தேய்த்தேன். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் நல்லா தேய்யி மாமா," என்றாள் சுமலதா, டீயை ஆற்றிக்கொண்டே.

ஒரு கீறல் இல்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"கோடு விழுந்தா இன்னா பண்ணுவ?"

"விழாது."

"விழுந்தா?"

"விழுந்தா இந்த போன் உனுக்கு."

"விழலன்னா?"

"பொங்கல் வரிக்கும் நீ என்னை ஒரு கேள்வி கேக்கக் கூடாது. எங்க போற, ஏன் லேட்டு, எதுவும்."

"ரெண்டாவது நடக்காத காரியம் பரசு," என்றார் தேசப்பன். ஆனாலும் சாட்சிக்கு ஒத்துக்கொண்டார்.

அவளுக்குப் போன் தேவைதான், நான் மறுக்கவில்லை. அவளிடம் இருப்பது என்னுடைய பழைய போன். நான்தான் கீழே போட்டு, கண்ணாடி நொறுங்கி, செல்லோடேப் போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்தால் கம்மலுக்கு இன்னொரு ஓட்டை போடும். அதனால் எந்த போன் வந்தாலும் அவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். என் மாமியார் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

கொஞ்ச நாள் ராஜா மாதிரி இருந்தேன். ரயிலில் போனை வெறுமனே தடவிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருக்கிறவனிடம், "கிளாஸ் ஒட்டல சார்," என்பேன். அவன் இடம் மாறி உட்காருவான்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. பீஸைக் குப்புற வைத்ததற்காக ஒரு ஆப்பரேட்டரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். "கிரைண்டிங் தூள் மேல குப்புற வெச்சா இன்னா ஆவும்? கண்ணு இருக்குதா, இல்ல அதையும் குப்புற வெச்சுட்டியா?" என்றேன். திரும்பினால் என் போன் அதே மேஜையில், அதே தூளில், குப்புறப் படுத்திருந்தது. போதாக்குறைக்கு அதன் முதுகில் என் டிபன் பாக்ஸ்.

எடுத்து லைட்டில் காட்டினேன். மேல் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு. ஆப்பரேட்டர் எட்டிப் பார்த்து, "சார், ரெட் டாட் வெக்கவா?" என்றான். அன்றைக்கு அவன் பீஸ் அத்தனையும் பாஸ் பண்ணினேன்.

வீட்டுக்கு எப்படிப் போவது? ரயிலில் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மீஞ்சூர் பக்கம் கரண்ட் டவர் வரிசையாக நிற்கிற படம் ஒன்றைத் தேடி எடுத்து வால்பேப்பராக வைத்தேன். படம் முழுக்கக் கம்பி. கோடும் ஒரு கம்பியாகிவிட்டது. என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

"இன்னா மாமா, அம்மன் படத்த எட்த்துட்டு கரண்டு கம்பிய வெச்சுகிற?"

"நாட்டுக்கு மின்சாரம் முக்கியம் சுமா."

"அதுவும் சரிதான்," என்று படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு தொல்லை. திரை அணைந்தால் கம்பி எல்லாம் மறையும், கோடு மட்டும் நிற்கும். அதனால் அணையவே விடாமல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். சோறு தின்னும்போது இடது கையால் தட்டினேன். சாயந்தரத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அப்போது போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வயிற்றுவலி என்று படுப்பேன்.

பல் பேஸ்ட் தேய்த்தால் கோடு போகும் என்று எவனோ வீடியோவில் சொன்னான். பாத்ரூமில் உட்கார்ந்து தேய்த்தேன். கோடு போகவில்லை. சுற்றி இருந்த பளபளப்புதான் போய், குளிர்காலத்து ரயில் ஜன்னல் மாதிரி மங்கிவிட்டது.

"மாமா, போன்ல கிராம்பு வாசன வருது," என்றாள் சுமலதா. "பல் டாக்டர் யார்னா போன் பண்ணாரா?"

பேஜாராகிவிட்டது. இனி மறைக்க முடியாது. பந்தயத்தில் தோற்றால் போன் போவது ஒரு பக்கம், பொங்கல் தாண்டி, அடுத்த பொங்கலும் தாண்டிச் சொல்லிக்காட்டுவாள். தேசப்பன் ஸ்டாண்டு முழுக்கப் பரப்புவார். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. தோற்று இழப்பானேன்? அவள் கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நானே பரிசாகக் கொடுத்துவிட்டால்? தியாகியும் ஆகலாம். ஒரு மாசம் கழித்து, கம்பெனி வேலைக்கு என்று சொல்லி, கோடு விழாத புது போன் ஒன்று தவணையில் வாங்கிக்கொள்ளலாம். கோடு அவள் தலையில்.

நல்லவேளையாக, ஆவணி பிறந்த அந்த வாரம் எங்கள் கல்யாண நாள். திருவள்ளூர் தேரடியில் மல்லிப்பூ வாங்கினேன். போனைச் சுத்தமாக அணைத்து, பூவுக்குள் சுற்றி, டீ நேரம் பார்த்து தேசப்பன் முன்னிலையில் நீட்டினேன்.

"சுமா, நீ ஒடஞ்ச போன வெச்சுக்கினு கஷ்டப்படறது எனக்குத் தாங்கல. இந்தா. பந்தயமாவது ஒண்ணாவது."

தேசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுசன்னா நீதாம்பா," என்றார்.

சுமலதா வாங்கவில்லை. "அப்ப உனுக்கு?"

"எனக்கு எதுக்கு? உன் பழைய போனே போதும்." சபை இருந்ததால் ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டேன். "ஆயுசுக்கும் போதும்."

"மனசார குடுக்கிறியா?"

"மனசார."

"அப்பால திருப்பிக் கேக்க மாட்ட? புதுசு வேற வாங்க மாட்ட?"

வழுக்கப் பார்த்தேன். தேசப்பன் கலங்கின கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டேன்," என்றேன்.

"பெரியபாளையத்தா மேல சத்தியம்?"

"சத்தியம்."

அதற்கப்புறம்தான் வாங்கினாள். பூவைத் தலையில் வைத்தாள். போனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். கோடு பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். சர்ரென்று ஒரு கண்ணாடி தனியாக உரிந்து வந்தது. கோடு அதோடு வந்தது. பேஸ்ட் மங்கலும் அதோடு வந்தது. கீழே என் போன், கடையில் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேனே, அதே மாதிரி இருந்தது.

உரிந்த கண்ணாடியை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"இது... எப்போ?"

"பூஜைக்குப் போனனே, அன்னிக்கே. கோயிலாண்ட ஒரு கடையில ஒட்டிக்கினேன். ஊட்டுக்காரர் கோடு பாக்குற வேலைல கீறாரு, ஓரமே தெரியக் கூடாதுன்னு சொன்னேன். நல்லாதான் ஒட்டிகிறாரு, நீயே கண்டுபுடிக்கலயே."

"சாவியால தேய்ச்சனே, அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"ஆசயா தேய்ச்சிக்கினு இருந்த மாமா. ஏன் கெடுக்கணும்னு உட்டேன்."

"கோடு விழுந்தது தெரியுமா?"

"கரண்டு கம்பி படம் வெச்சியே. எல்லாக் கம்பியும் டவருக்கு டவர் போவுது, ஒண்ணு மட்டும் நட்டுக்கினு வானத்துல போவுது. எவன் இழுத்த லைனு அது?"

இருந்த ஒரே நம்பிக்கையோடு தேசப்பனைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நியாயம் சொன்னார்.

"கோடு கிளாஸ்லதான் விழுந்துச்சு. போன்ல விழல. பந்தயத்துல ஜெயிச்சது பரசுதான்."

"ஆமாண்ணா, அவருதான் ஜெயிச்சாரு," என்றாள் சுமலதா, தாராளமாக. "பொங்கல் வரிக்கும் நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன். கேக்குறதுக்கு இனிமே இன்னா கீது?"

சிம்மை மாற்றிப் போட்டு, செல்லோடேப் போன் என் கைக்கு வந்த அந்த நேரம் பார்த்து அது அடித்தது. சூப்பர்வைசர். ஸ்பீக்கரைத் தவிர வேறு வழியில்லை. அந்த வியாழக்கிழமை நான் பாஸ் பண்ணின பீஸ் அத்தனையிலும் கோடு என்று கஸ்டமர் திருப்பி அனுப்பிவிட்டானாம். அவர் சொன்ன மற்ற விஷயங்களையெல்லாம் தெருவே நின்று கேட்டது.

சுமலதா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து, என் நெற்றியில் ஒட்டிவிட்டு, டீ போட உள்ளே போனாள்.