நாலு டிகிரி வீடு

வெளியே நாற்பத்து நான்கு டிகிரி வெயில். கிளெம் பாஸ்கோவின் வீட்டுக்குள் மட்டும் நான்கு டிகிரி.

நோலீன் கணினித் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நான்கேதான்.

முதியவர்களின் வீடுகள் கோடையில் எவ்வளவு கொதிக்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. போர்ட் அகஸ்டா என்ற ஊரில் தனியாக வசிக்கும் ஏழு பேருக்குத் தீப்பெட்டி அளவில் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சூட்டை அளந்து, அவரவர் போனுக்கும் தொலைவில் அடிலெய்டு நகரில் இருக்கும் அவளுக்கும் அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். எண்கள் உளறினால் ஆய்வுக்கு மூடுவிழா.

கிளெமுக்குப் போன் போட்டாள்.

"வீடு எப்படி இருக்கு, கிளெம்?"

"கூரைத் தகரத்துல முட்டை பொரிக்கலாம், கண்ணு."

"வெப்பமானிய எங்க வச்சிருக்கீங்க?"

"பகல்ல அதிக நேரம் இருக்கற எடத்துல வைக்கச் சொன்னியே. அங்கதான்."

கருவியில்தான் கோளாறு என்று புதிதாக ஒன்றை அனுப்பிவைத்தாள். மறுநாள் அதுவும் நான்கு காட்டியது. கூடவே அடுத்த தெரு டல்சியின் வீடும் நான்குக்கு இறங்கியது. புதன்கிழமைக்குள் ஏழு வீடுகளும் நான்கு.

பத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி அடிக்கும். அவள் மேசையில் அது ஓயாமல் அடித்தது. எரிச்சலில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். மணி நின்றது. அது மணியை நிறுத்தும் பொத்தான் இல்லை. எச்சரிக்கையை அந்த ஊர் மீட்புக் குழுவுக்குத் திருப்பிவிடும் பொத்தான்.

அரை மணி நேரத்தில் கிளெம் கூப்பிட்டார். "ஏம்மா, ஆரஞ்சு சட்டை போட்ட ரெண்டு தடியனுங்க வாசல்லயே மடக்கி என்னைக் கம்பளியில சுருட்டிட்டானுங்க! நான் குளிர்ல வெறைச்சுப் போயிட்டேனாம். பூசணி சூப் வேற ஊட்டறானுங்க!"

"ஐயோ, குடிக்காதீங்க!"

"குடிச்சாச்சு. உப்பு கம்மி."

வியாழனன்று மூன்றரை மணி நேரம் காரோட்டிப் போனாள். கிளெம் வீடு பூட்டியிருந்தது. டல்சி வீடும் பூட்டு. பகலில் எல்லோரும் பந்து விளையாட்டு கிளப்பில்தான் இருப்பார்கள் என்றார் தபால்காரர்.

கிளப் கதவைத் திறந்ததும் முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. ஏழு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மதுக்கூடத்தின் கண்ணாடி பிரிட்ஜில், பீர் பாட்டில்களுக்கு நடுவே எட்டு வெப்பமானிகள் வரிசையாக நின்றன.

"வீட்டுச் சூட்டை அளக்கக் கொடுத்தா பீரையா அளக்கறீங்க?" நோலீனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு நான் என்னத்தக் கொண்டுபோய்க் காட்டுவேன்?"

"அதிக நேரம் இங்கதானே இருக்கோம்," என்றார் கிளெம், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிரிட்ஜுக்குள்ளயா?"

பீர் ஊற்றும் ஷோனா குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஒரே பியூஸ்மா, வெயில் ஏறினா பட்டுனு போயிடும். இவங்க வீட்டுல ஏசி கிடையாது. காலைல போனைப் பாப்பாங்க. நாலுன்னா ஏசியும் ஓடுதுன்னு இங்க வருவாங்க, ஏறியிருந்தா லைப்ரரிக்குப் போவாங்க. போன கோடைல இவங்கள்ல நாலு பேரு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, இந்தக் கோடைல ஒருத்தருமில்ல."