செவஸ்தியின் வாளி

பெண்டாட்டிக்குத் தெரியாமல் படகைக் கடலில் இறக்கிவிடுவது என்று பந்தெலிஸ் முடிவு செய்தார். கலிம்னொஸ் தீவில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. இதுவோ பதினெட்டு அடிப் பாய்மரப் படகு. அதுவும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

ஒன்பது வருஷமாக நிற்கிறது. கடலடியில் வளரும் கடற்பஞ்சை அறுக்க மகன் நிக்கீதாஸ் அந்தப் படகிலிருந்துதான் குதித்தான். பந்தெலிஸ் மேலே கயிறு பிடித்திருந்தார். இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. அன்றைக்குக் கரையேறிய படகு, பிறகு தண்ணீரைப் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பெண்டாட்டி செவஸ்தி தினமும் சாயங்காலம் கடல் தண்ணீரை வாளியில் மொண்டுவந்து அதன்மேல் வீசுவாள். உள்ளே ஒரு வாளி, வெளியே ஒரு வாளி. வாயில் ஏதோ முணுமுணுப்பு. பிள்ளையைத் தின்ற படகைச் சபிக்கிறாள் என்றது ஊர்.

"நல்ல தண்ணியில திட்டக்கூட அதுக்கு யோக்கியதை இல்லையாம், பாருங்கண்ணே," என்பான் பக்கத்து வீட்டுத் தெமெலிஸ்.

அந்தத் திட்டில் பாதி தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, வாளிச் சத்தம் கேட்டதும் பந்தெலிஸ் காப்பிக்கடைக்கு நழுவிவிடுவார்.

உடல் கிடைக்காத பிள்ளை செத்தான் என்று செவஸ்தி ஒப்புக்கொள்ளவே இல்லை. பாதிரியாரின் செத்தவர் பட்டியலில் அவன் பேரை எழுத விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் இன்றைக்கும் மூன்று தட்டுதான். ஆன்மாக்களின் சனிக்கிழமை வந்தால், ஊரே செத்தவர்களுக்காகக் கோதுமை அவித்துப் பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிக் கோவிலுக்கு எடுத்துப்போகும். இவர்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

பந்தெலிஸுக்கு எழுபது ஆகிவிட்டது. முட்டி ஒன்று சொன்னபடி கேட்பதில்லை. கண் மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை, பிள்ளை இறங்கின இடத்தில் ஒரு பிடி கோதுமை போட்டுவிட வேண்டும். இவளுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவாள். ஆகவே பொய் சொன்னார். பொய் சொல்லத்தான் அவருக்கு வராது.

"படகைச் சரி பண்ணப்போறேன்."

"எதுக்கு?"

"விக்கத்தான். ஏதென்ஸ்காரன் ஒருத்தன் கேட்டான்."

"பேரு?"

"பேரு... அவன் சொல்லல."

"ஆள் எப்படி?"

"உயரமா இருப்பான். ஆனா பார்க்கக் குள்ளமாத் தெரியும்."

"உட்கார்ந்திருந்தானாக்கும்," என்றாள் செவஸ்தி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு பந்தெலிஸ் வேலையில் இறங்கினார். ஒரு மாசம் இடுக்கெல்லாம் சணல் அடைத்தார், கீல் என்கிற தாரைக் காய்ச்சிப் பூசினார், பாயைத் தைத்தார். கயிறு பிடித்திருந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேலை நின்றுவிடும். அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை தெமெலிஸின் ஆட்டுக்கொட்டகையில் கோதுமை அவித்தார். அவித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"என்னய்யா வாடை?" என்றாள் செவஸ்தி, அவர் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கீல் காய்ச்சினேன்."

"கீலுக்குப் பட்டை போடுவாங்களா?"

"இது புதுக் கீல்."

கருகாததாகப் பொறுக்கி ஒரு சட்டியில் போட்டு, துணி மூடி, படகின் பின்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

சனிக்கிழமை காலையில் செவஸ்தி முக்காடு போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல என்று பந்தெலிஸ் பூரித்துப்போனார். கொழுப்புத் தடவிய உருளைக் கட்டைமேல் அவரும் தெமெலிஸுமாகப் படகை உருட்டினார்கள். காய்ந்த மரம் மூன்று நாள் ஒழுகித்தான் ஊறும் என்பது கடற்கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். இறைக்க நாலு வாளி தயாராக வைத்திருந்தார்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"அண்ணே, கைன்னா இது கை!" என்றான் தெமெலிஸ்.

பந்தெலிஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டு, சட்டியின் துணியை விலக்கினார். உள்ளே வெள்ளைவெளேரென்று சர்க்கரை. அதன்மேல் பாதாம் பருப்பு பதித்து ஒரு பேர். நிக்கீதாஸ்.

அவர் நிமிர்ந்தபோது, முழங்கால் தண்ணீரில் செவஸ்தி நின்றிருந்தாள். "கையைக் கொடு, ஏறணும்."

"நீ... இது... ஒரு சொட்டு ஒழுகல பார்த்தியா? என் கை..."

"உன் கையா? ஒன்பது வருஷமா வாளி தூக்கினது எவ கைய்யா? காயவிட்டா பலகை வாயைப் பிளக்கும். நல்ல தண்ணி ஊத்தினா மக்கிப்போகும். இதுகூடத் தெரியாத நீ என்ன மாலுமி?"

"நீ சபிக்கிறேன்னுல்ல நினைச்சேன்!"

"ஜெபம் பண்ணினேன். அவன் வந்து படகு எங்கேன்னா என்ன சொல்றது?"

ஒன்பது வருஷம் பந்தெலிஸ் அந்த வாளிக்குப் பயந்து ஓடியிருக்கிறார். ஒரு நாள் கூடநின்று ஒரு வாளி வாங்கி ஊற்றியிருக்கலாம்.

"அப்ப இந்தக் கோதுமை?"

செவஸ்தி சுக்கான் பக்கம் உட்கார்ந்து பாவாடையைப் பிழிந்தாள். "நேத்து வாடை வந்துச்சே. ராத்திரி உன் சட்டியைத் தேடிப் பிடிச்சு, நானே வேற அவிச்சு மாத்திவெச்சேன். அப்பனே அவிச்சுட்டான், இனி அம்மா மட்டும் எத்தனை நாள் தட்டு வைக்கிறது? இப்பதான் பாதிரியார்கிட்ட பேரை எழுதிக் குடுத்துட்டு வர்றேன்." சொல்லிவிட்டு முக்காட்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள். ஒன்பது வருஷத்து அழுகை. தெமெலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கரைக்கு நடந்தான்.

பந்தெலிஸ் பாயை ஏற்றினார். காற்று பிடித்துக்கொண்டது. முனையைத் தாண்டினார்கள். சட்டி நடுவில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"நான் அவிச்சதையும் ஒரு பிடி எடுத்து வந்திருக்கலாமேடி. அப்பன் கையால அவனுக்கு..."

"கோழிக்குப் போட்டேன்யா," என்றாள் செவஸ்தி. "அதுவே தொடல. புள்ளைக்கா போடுவேன்?"