கைபேசிக்கு வந்த களைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மரச்சாமான் கடை மாடியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். தவறு. அங்கே கொடுப்பது மக்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கைபேசியை, மடிக்கணினியை, சார்ஜரோடு சேர்த்து இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்குப் பணமும் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகப் படியிறங்கி வருகிறார்கள்.

வாங்கிக்கொள்பவர் அதிர்வு ஐயா. அவர் கண்டுபிடித்த மகத்தான உண்மை இதுதான்: மனிதனுக்குக் களைப்பு வருவது வேலையால் அல்ல. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்வதாலோ, சாப்பிடும் நேரத்திலும் மேலதிகாரி செய்தி அனுப்புவதாலோ அல்லவே அல்ல. கையிலிருக்கும் கருவி பழசாகிக் களைத்துவிட்டது. அந்தக் களைப்பு விரல் வழியே உடம்பில் ஏறுகிறது. இதைக் கேட்டதும் ஊரிலிருந்த முதலாளிகள் எல்லாம் ஐயாவின் பரம பக்தர்களாகிவிட்டார்கள். சம்பளத்தைக் கூட்ட வேண்டாம், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டாம், ஆளை மாடிக்கு அனுப்பினால் போதும். யாருக்குத்தான் கசக்கும்?

ஆதாரம் வேண்டாமா? அதற்குத்தான் களைப்புமானி. உள்ளங்கை அகல வட்டப் பெட்டி, கண்ணாடி மூடி, நடுவில் ஒரு முள். பழைய கருவிக்கு மேல் ஐயா அதைப் பிடித்தால் முள் துள்ளிக் குதிக்கும். அவரே விற்கும் 'தூய அதிர்வு' கருவிக்கு மேல் பிடித்தால் முள் அசையாமல் நிற்கும். விஞ்ஞானம் என்றால் வேறென்ன?

நான் கைபேசி பழுது பார்ப்பவன். என் கைபேசிக்கு ஏழு வயது. பின்மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். உயிர் இருக்கும்வரை ஒரு பொருளைக் கைவிடக் கூடாது என்பது என் கொள்கை. என் மனைவி அதைக் கஞ்சத்தனம் என்பாள். எனக்கு ஞாபக மறதியும் உண்டு. அதனால் எந்தக் கைபேசியைத் திறந்தாலும், மதர்போர்டின் மேலிருக்கும் தகட்டில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி, என்ன கோளாறு, யாருடையது என்று எழுதிவிட்டுத்தான் மூடுவேன். மூடியபின் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

என் கடையில் ஈயோட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் புதுக் கைபேசியோடு வந்து நின்றார்.

"தம்பி, ஐயாகிட்ட வாங்கி ஒரு மாசம் ஆச்சு. தலைவலி போச்சு, தூக்கம் வருது. அதைவிட அதிசயம் என்னன்னா, வாங்கின அன்னைக்கே கை பழகிடுச்சு. பல வருஷமா வச்சிருந்த மாதிரி!"

"பழசை என்ன பண்ணீங்க டீச்சர்?"

"அதை ஐயா அமைதிப்படுத்திடுவாராம்."

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவரே இப்படிச் சொன்னால், கணக்குத் தெரியாத நான் என்ன பேச? வாயை மூடிக்கொண்டேன். அக்கா விஷயம் வந்திருக்காவிட்டால் கடைசிவரை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

அக்கா ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கிறாள். அரைப்புள்ளி ஒன்று இடம் மாறி இருந்தாலும் அவள் கண் பிடித்துவிடும். அவளுடைய மடிக்கணினிக்குப் பதினோரு வயது. சமீபமாக அது ஆமை வேகத்தில் நகர, இரண்டு புத்தகங்கள் தாமதமாகி வேறு ஆளுக்குப் போய்விட்டன. இப்போது ஒரு பெரிய அகராதி கையில் இருந்தது. புதன்கிழமைக்குள் முடிக்காவிட்டால் இனி வேலையே கிடையாது என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். அக்காவின் வருமானம் அது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை இதைக் கொண்டுபோய் ஐயாகிட்ட குடுக்கப் போறேன்" என்றாள்.

"அகராதி உள்ளே இருக்கே? காப்பி எடுத்தியா?"

"காப்பி எடுத்தா களைப்பும் கூடவே வந்துடுமாம். புதுசுல முதல்லேருந்து பண்ணிக்கிறேன்."

"எண்ணூறு பக்கத்தை மூணு நாள்லயா? உனக்கு என்ன பைத்தியமா அக்கா?"

"ஆமாடா, பைத்தியம்தான். நீ சிக்கனம் சிக்கனம்னு சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷம் இதோட மாரடிச்சிருக்கேன் பாரு, அதுக்குப் பேரு என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

மாடியில் நிற்க இடமில்லை. டீச்சர் மேடையேறித் தன் தலைவலி போன கதையைச் சொல்லி, ஐயா அவர் போனை அளந்து முள் அசையாததைக் காட்ட, கைதட்டல் வாங்கினார். அடுத்து அக்காவின் முறை. மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். ஐயா இடது கையில் களைப்புமானியை உயர்த்திப் பிடித்து, பெரிய மோதிரம் போட்ட வலது கையை அதற்கு அடியில் கொண்டுபோனார். முள் தாண்டவமாடியது.

"அம்மா! இது களைப்பு இல்லைம்மா. மரணப் படுக்கை!"

கூட்டம் 'ஐயோ' என்றது. அக்கா மட்டும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கி ஐயாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, டீச்சர் போனை அளக்கும்போது அந்த மோதிரக் கை முதுகுப் பக்கம் இருந்துச்சு. என்னுதுக்கு மட்டும் ஏன் அடியில வருது? மோதிரத்தைக் கழட்டிட்டு ஒரு தடவை அளங்களேன்."

ஐயா சிரித்தார். "சந்தேகம் வந்தா மானி வேலை செய்யாதும்மா."

"காந்த மோதிரத்தோட அளந்தப்போ நல்லா வேலை செஞ்சுதே?" என்றேன் நான், கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய். "சரி, அதை விடுங்க. நீங்க விக்கிற புதுக் கருவி ஒண்ணை இங்கேயே திறந்து காட்டட்டுமா? என்ன புதுசுன்னு எல்லாரும் பார்க்கலாம்."

"திறந்தா தூய்மை போயிடும்!"

கூட்டம் என்னைப் பார்த்து உறுமியது. பழுது பார்ப்பவனுக்குப் பொறாமை என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்போது டீச்சர் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, நம்பிக்கை என்றால் அதுதான் நம்பிக்கை.

"தம்பி, என்னுதைத் திறங்க. எனக்கு ஒரு பயமும் இல்லை. ஐயா மேல சந்தேகப்பட்டவங்க வாயை இன்னைக்கு அடைக்கணும்."

ஐயா பாய்ந்து தடுப்பதற்குள் டீச்சரின் கைபேசி என் கையில் இருந்தது. மேலே பளபளக்கும் புது மூடி. அதைக் கழற்றினேன். உள்ளே மதர்போர்டின் தகட்டில் ஒரு சின்னக் காகிதம். கோணல் எழுத்து. என் எழுத்து.

டீச்சரிடமே நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவர் உரக்கப் படித்தார்:

"துணி ஊறவைத்த வாளியில் விழுந்தது. உலர்த்தியாச்சு. கணக்கு டீச்சர்."

டீச்சர் மறுபடி ஒருமுறை மனசுக்குள் படித்தார். முகம் சிவந்தது.

"இது... என்னோட பழைய போன்!"

"ஆமாம் டீச்சர். மூடி மட்டும்தான் புதுசு. உங்க போனையே உங்களுக்கு வித்திருக்காரு. கை பழகாம என்ன செய்யும்?"

அதன்பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. மேடைக்குப் பின்னாலிருந்த அறையின் பூட்டு உடைந்தது. உள்ளே ஒரு பக்கம் ஊரார் அமைதிப்படுத்தக் கொடுத்த கைபேசிகள், இன்னொரு பக்கம் மூட்டை மூட்டையாகப் புது மூடிகள். ஐயா பின்படி வழியாக இறங்கப் பார்த்தார். அங்கே டீச்சர் நின்றிருந்தார். வட்டியோடு கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் காவல்துறையிடம் ஒப்படைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் மடிக்கணினியைத் திறந்தேன். விசிறி முழுக்கத் தலையணைப் பஞ்சு போலத் தூசி. ஊரார் கருவிகளையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், பதினோரு வருடத்தில் இதை ஒருதடவைகூடத் திறந்ததில்லை. அவள் கேட்டபோதெல்லாம் 'இன்னும் ஓடும், சும்மா இரு' என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்று அந்தத் தூசியைப் பார்த்தாள். "பழசைத் தூக்கிப் போடாதேன்னு சொல்ற. பார்த்துக்கணும்னு மட்டும் தோணாதாடா உனக்கு?"

வெட்கமாக இருந்தது. அவளை அந்த மாடிப்படி ஏற வைத்ததில் பாதிப் பங்கு என்னுடையது. தூசியை எடுத்தேன், நினைவகத்தைக் கூட்டிப் பொருத்தினேன். மறக்காமல் காகிதமும் ஒட்டினேன்: "தூசி. தம்பியின் சோம்பேறித்தனம்." அகராதி புதன்கிழமை மத்தியானமே அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வியாழக்கிழமை கடையைத் திறக்கப் போனால், வாசலில் வரிசை. ஞாயிற்றுக்கிழமை மாடியில் பார்த்த அதே முகங்கள். முதலில் நின்றவர், வேறு யார், கணக்கு டீச்சர்தான்.

"தம்பி, உங்க ஸ்க்ரூடிரைவர் ராசியானதுன்னு ஊரே பேசுது. போனைத் திறக்க வேண்டாம். சும்மா அதால ஒரு தடவை தொட்டு மட்டும் விடுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவை வரவழைத்து, கொட்டை எழுத்தில் ஒரு பலகை செய்யச் சொல்லி, அன்றைக்கே வாசலில் மாட்டினேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது:

"இந்த ஸ்க்ரூடிரைவர் கைபேசியை மட்டுமே திறக்கும். மண்டையை அவரவரே திறந்துகொள்ளவும்."