ரிலீவர் வராத சம்பங்கி

வாசகரே, தோட்டக்காரர் வேறு, தோட்டத் திட்டக்காரர் வேறு. முன்னவருக்கு நகக்கண்ணில் மண் இருக்கும். பின்னவருக்கு மண்டைக்குள் காலண்டர் இருக்கும். திருவிடந்தையில் வீடு கட்டியிருக்கும் தேவசகாயம் இரண்டாவது ரகம். அதிலும் அசல்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தே ஓய்வு பெற்ற மனுஷர். அடுத்த ஷிப்ட்காரர், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் இடத்தை விட்டு அசைந்ததில்லை. அந்தச் சட்டத்தை அப்படியே வாசல் பாத்திக்கும் கொண்டுவந்தார். கோடைக்குச் சிவப்புப் பந்துபோலப் பூக்கும் மே மாதப் பூ, அது வாடுமுன் மழைலில்லி, அதை விடுவிக்கச் சம்பங்கி, சம்பங்கியை விடுவிக்கக் கார்த்திகையில் செங்காந்தள் என்று, வருஷத்தில் ஒரு நாள்கூடப் பாத்தி வெறிச்சோடக் கூடாதென்று கிழங்கு கிழங்காக வாங்கிப் புதைத்தார். கிழங்குக்குச் சட்டம் தெரியுமா?

சித்திரையில் ஒரு மழை பெய்ததும் மழைலில்லி பாத்தி கொள்ளாமல் பூத்தது. தெருவே நின்று பார்த்தது. தேவசகாயம் மட்டும், டூட்டி இல்லாத நாளில் வந்து நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல முறைத்துவிட்டு, காந்தளுக்கு எரு போடப் போனார். பூத்த பூவை அவர் பார்ப்பதே இல்லை; கண்ணெல்லாம் அடுத்த பூ மேல்தான்.

கல்லறைத் திருநாள் வந்தது. மாமியார் இறந்த பிறகு வரும் முதல் திருநாள். அந்த அம்மாளுக்குச் சம்பங்கி என்றால் உயிர். மனைவி ரெஜினா கத்தரியோடு பாத்தியில் போய் நின்றாள்.

"அம்மாவுக்கு நாலு காம்பு அறுத்துகினு போறேங்க."

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருப்பதே நாலு காம்பு.

"ரிலீவர் வராம எப்டி அனுப்பறது? காந்தள் இன்னும் மொட்டே வுடல. ஒரு பத்து நாள் போவட்டும்."

ரெஜினா கத்தரியை அவர் கையில் வைத்தாள்.

"எங்கம்மா போனாங்களே, அவுங்களுக்கு எந்த ரிலீவர் வந்தாங்க?"

கடையில் சாமந்தி வாங்கிக்கொண்டு தனியாகவே கல்லறைக்குப் போய்விட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நாலு காம்பையும் அறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பாத்தி காலியாகிவிடுமே என்று கத்தரியும் கையுமாக நின்றார். மாலையில் கடல்பக்கமிருந்து வந்த மழை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் சம்பங்கியைச் சேற்றில் சாய்த்துவிட்டுப் போனது.

சிரிக்கிறீர்களா? விருந்தாளி வரட்டும் என்று பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்களே ஒரு நல்ல படுக்கை விரிப்பு, அதை இன்றைக்கு எடுத்து விரித்துவிட்டு, அப்புறம் சிரியுங்கள்.