டத்தோவுக்கு எத்தனை மார்க்?

மனைவி லே பின் கோபித்துக்கொண்டு நிபோங் திபாலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டது. உன்னுடையதைவிட எதிர்வீட்டு லக்ஸா நூடுல்ஸ் இன்னும் ருசி என்று கீட் சூன் வாய்தவறிச் சொன்னதுதான் குற்றம்.

சைக்கிள் கடையைத் திறந்ததும், மரத்தடிச் சிவப்பு மாடத்தில் சொங்கோக் தொப்பியோடு உட்கார்ந்திருந்த டத்தோ என்ற மலாய்க் காவல் சாமிக்கு வெற்றிலை வைத்தார்.

"அவளைத் திருப்பி அனுப்பிடு, டத்தோ."

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "என் தலையணையை பஸ்ஸில குடுத்து விடுங்க."

வெற்றிலை போதவில்லை போலும். மறுநாள் சாம்பிராணி, சுருட்டு, இளநீர் எல்லாம் வைத்தார்.

"தையல் மெஷினை லாரியில ஏத்தி விடுங்க."

கீட் சூன் பதறிப்போனார். மூன்றாம் நாள் ஆவியில் வெந்த நான்கு பாவ் பன்களைச் சுடச்சுட வாங்கி வந்து படைத்தார். பக்கத்துக் காப்பிக்கடை தியாம் லோக் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"உள்ள பன்றிக்கறிலா! டத்தோ முஸ்லிம் சாமி, அதைத் தொடமாட்டாரு! உனக்கென்ன கிறுக்கா?"

பாவைத் தூக்கி எறிவதற்குள் போன் அடித்தது. "பூனையையும் கூண்டுல போட்டு அனுப்புங்க."

கீட் சூனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி என்னடா மிச்சம்? இது நல்ல சாமியே இல்லை!"

"சாமிக்கு மார்க் போட நீ என்ன வாத்தியாரா?"

"வாத்தியார் வேண்டாம்லா. பெண்டாட்டி இல்லாதவன் போதும். பூஜ்யம்!"

சொல்லிவிட்டுச் சிலையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. சாமி சிலைகளுக்கு வண்ணம் பூசுகிற ஆ செங், சிவப்புத் துணி சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்தபடி இறங்கினான்.

"பெயிண்ட் காஞ்சிருச்சு அண்ணே. உங்க டத்தோவை எடுத்துக்கிட்டு அந்தப் பொம்மையைக் குடுங்க."

"பொம்மையா?"

"மாடம் காலியா இருக்கக்கூடாதுன்னு, லே பின் அக்கா கோபிச்சுக்கிட்டுக் கிளம்பின அன்னைக்கு என்கிட்ட வாங்கி வச்சாங்களே. டத்தோ இத்தனை நாளும் நிபோங் திபால்ல, என் பட்டறையிலதான் இருந்தாரு. நீங்க பார்க்கலையா?"

கீட் சூன் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ நான் வேண்டினது எதுவும் அவர் காதுல விழலையா?"

"உங்களுது விழல அண்ணே. பட்டறைக்கு வந்து வேண்டுற லே பின் அக்காவோடதுதான் தினமும் காலைல விழுது: 'அந்த மனுஷனை நேர்ல வந்து என்னைக் கூப்பிட வைக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு சாமியா!'"