பிறின்சியின் காருக்குச் சில்லுத் தெரிந்தெடுத்த வரலாறு

மனிதகுலம் சில்லைக் கண்டுபிடித்து எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தச் சில்லு எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை முறைப்படி, கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, முன்மொழிந்து வழிமொழிந்து தீர்த்துவைத்த பெருமை எங்கள் மன்னார்த் தீவு வேகக் கழகத்துக்கே உரியது. அதன் செயலாளர் என்ற முறையில், தன்னடக்கம் இடம் தரும் அளவுக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

கழகத்திடம் கார் இல்லை. இதை ஒரு குறையாகக் கருதுகிறவர்கள் கழகங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். எங்களிடம் தலைவர் இருந்தார். கல்விக் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அருளப்பு மாஸ்டர். வேகம் கூடினால் தலை சுற்றுகிறது என்று மோட்டார் சைக்கிளை விற்றவர். பொருளாளர், உப்புக்குளத்தில் ரயர்க்கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீட். தொழில்நுட்ப ஆலோசகர் பெனடிக்ற். உலகத்துப் பந்தயத் தடங்கள் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே சுற்றி முடித்தவர். சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

கார் இருந்தது பிறின்சியிடம். ஓலைத்தொடுவாயிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் லொறியை ஓட்டுகிறவள். ஐஸ் உருகுமுன் சந்தைக்குப் போய்ச் சேரும் தொழிலில் கை பழகியவள். ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, பின் இருக்கையைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் செய்தி வந்தது. அரிப்புக் கிராமத்துப் பக்கம் கோடையில் காய்ந்து கிடக்கும் வெளியில் முட்டை வடிவத் தடம் போட்டுக் கார்ப் பந்தயம் நடக்கப் போகிறது. தெற்கிலிருந்து ஒரு பந்தய அணியின் முகாமையாளர் பார்க்க வருகிறார். நன்றாக ஓட்டும் ஒருவருக்கு அணியில் இடம் உண்டு. ஆனால் பதிவுசெய்த கழகம் ஒன்றின் ஊடாகத்தான் கார் கலந்துகொள்ளலாம்.

எனவே பிறின்சி எங்களிடம் வந்தாள். அந்தக் கணத்திலிருந்து அவளுடைய கார் 'எங்கள் கார்' ஆயிற்று.

"ஒரு கையெழுத்துத்தான் வேணும் மாஸ்டர்," என்றாள். "மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுவன். பதினைஞ்சு அங்குலச் சில்லு நாலும் எடுத்து வைச்சிட்டன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, கையெழுத்து எண்டால் பொறுப்பு. பொறுப்பு எண்டால் கூட்டம். பதினைஞ்சு எண்டு ஆர் தீர்மானிச்சது?"

"நான்தான். பாரம் குறைவு மாஸ்டர். பாரம் குறைஞ்சால் கார் கெதியா எடுக்கும், பிறேக் நல்லாப் பிடிக்கும். மட்காட்டிலையும் முட்டாது."

"தனிநபர் தீர்மானம்," என்று பெனடிக்ற் கவலையோடு தலையசைத்தார்.

கூட்டம் கூடியது. தலைவர் பதினேழு அங்குலத்தை முன்மொழிந்தார். "சில்லு பெரிசா இருந்தால்தான் தூரத்திலை வரேக்கையே ஒரு மரியாதை வரும்."

"முதல் கார் வரட்டும் மாஸ்டர், மரியாதை பின்னாலை வரும்," என்றாள் பிறின்சி. "சரி, பதினேழுதான் எண்டால் ரயரை மெலிசாப் போடவேணும். அப்பத்தான் மொத்த உயரம் கூடாது."

"மெலிசோ? சனம் எங்களைப் பஞ்சத்திலை அடிபட்ட கழகம் எண்டெல்லோ நினைக்கும்! தடிச்ச ரயர்தான்."

சாஹுல் ஹமீட் கையுயர்த்தினார். "ஒரு காருக்கு என்ன அளவு பொருந்தும் எண்டு ரயர்க்கடைக்காரனுக்குத் தெரியாதா, தங்கச்சி? பதினாலுதான்."

"ஏன் சாஹுல் நானா, பதினாலு?"

"அதுதான் கடையிலை கிடக்குது."

இவ்வளவு நேர்மையான வாதத்தை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. அடுத்து பெனடிக்ற் எழுந்தார். "உலகப் போக்கு இப்ப பதினாறு," என்றார்.

"ஆர் சொன்னது?" என்று பிறின்சி கேட்டாள்.

"ஒருத்தர் விளக்கமா வீடியோ போட்டிருக்கிறார். லட்சக்கணக்கிலை பார்த்திருக்கினம்."

"அவர் என்ன கார் ஓட்டுறவர்?"

"கார் காட்டேல்லை. முகத்தை மட்டும்தான் காட்டினவர்."

வாரக்கணக்கில் கூட்டங்கள் தொடர்ந்தன. அதுவரை கார் சில்லில்லாமல் நான்கு கல்லின் மேல் நின்றது. அசையாத காரைப் பற்றித்தான் நிதானமாக விவாதிக்க முடியும் என்பதால் அது மிகவும் வசதியாக இருந்தது. தெருக் கழுதை ஒன்று வந்து காரின் நிழலில் படுத்துக்கொண்டது. கூட்டங்களுக்குத் தவறாமல் சமூகமளித்ததும், யாருடைய பேச்சையும் இடைமறிக்காததும் அது ஒன்றுதான்.

பிறின்சி ஒவ்வொரு முறையும் லொறியால் இறங்கி நேரே கூட்டத்துக்கு வருவாள். மீன் வாசனையோடு கதவோரம் நின்று, "முடிவாயிட்டுதோ?" என்று கேட்பாள். "கருத்துகள் முதிர்ச்சியடைந்து வருகுது," என்று தலைவர் சொல்வார். அவள் கல்லின் மேல் நிற்கும் காரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

பந்தயம் நெருங்கியபோது எனக்கு அந்த ஞானம் பிறந்தது. கருத்து நான்கு. கட்சி நான்கு. காருக்குச் சில்லு எத்தனை?

நான் எழுந்து அதைச் சொன்னதும் சபை கட்சிக்கொரு சில்லாகப் பங்கு பிரித்தது. வலப்பக்க முன்சில்லு தலைவருக்கு, பதினேழு. வலப்பக்கப் பின்சில்லு ஆலோசகருக்கு, பதினாறு. இடப்பக்க முன்சில்லு பொருளாளருக்கு, பதினாலு. இடப்பக்கப் பின்சில்லு, கார் அவளுடையது என்ற 'மனிதாபிமான அடிப்படையில்', பிறின்சிக்குப் பதினைந்து. நடுநிலை வகித்த எனக்கு ஸ்பெயார் சில்லை ஒதுக்கினார்கள். நான் பதின்மூன்று போட்டேன். எனக்கென்று ஒரு கொள்கை வேண்டாமா?

பிறின்சி முதலில் சிரித்தாள். பகிடி இல்லை என்று விளங்கியதும் முகம் மாறியது.

"அண்ணை, முன்சில்லு ரெண்டும் ஒண்டாச் சுத்துற மாதிரிப் பூட்டி வைச்சிருக்கிறன். பெரிய சில்லு ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும், சின்னச் சில்லு பின்னுக்கு நிக்கும். கார் இடப்பக்கமாத் திரும்பிக்கொண்டே இருக்கும். நேரை போகவே போகாது!"

"நேரை போறது மட்டும்தான் முன்னேற்றமோ, பிள்ளை?" என்றார் தலைவர். பலத்த கரகோஷம்.

"இதுக்கு ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்தோ?"

"ஓம்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "கையெழுத்தை வையுங்கோ," என்றாள்.

பந்தய நாள் வந்தது. காற்று, புழுதி, ஒலிபெருக்கி, கடலைக்காரர், எல்லாம் இருந்தன. பிரமுகர்கள் எழும்பாமலே எல்லாப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று, தடம் சுற்றிவரும் வெளியின் நட்டநடுவில் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்களும் அதற்குள்தான் இருந்தோம், பிரதம அதிதிக்குப் பக்கத்தில்.

ஒத்திகை ஓட்டம் வலஞ்சுழியாக நடந்தது. வளைவுகள் எல்லாம் வலப்பக்கம். எங்கள் காருக்கோ இடப்பக்கம்தான் உலகம். தொடங்கிய இடத்திலேயே அது ஒரு அழகிய வட்டம் போட்டது. பிறின்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் தொங்கினாள். கார் இன்னொரு வட்டம் போட்டது. சாகச நிகழ்ச்சி என்று நினைத்த சனம் விசிலடித்தது.

அவள் இறங்கி ஓடிவந்தாள். "என்ரை பதினைஞ்சு நாலும் லொறிக்குள்ளை கிடக்குது. கொஞ்ச நேரம் தாங்கோ, மாத்திப்போட்டு வாறன்!"

"தீர்மானத்தை மாத்துறதெண்டால் விசேட பொதுக்கூட்டம் வேணும்," என்றார் தலைவர். "சாஹுல் ஹமீட் பள்ளிவாசலுக்கு அசர் தொழப் போயிட்டார். கூட்டம் வைக்க ஆள் காணாது."

ஆனால் கழகம் அவளைக் கைவிடவில்லை. காருக்குத் தடம் பொருந்தாவிட்டால் தடத்தை மாற்றுவதென்று முடிவுசெய்து, போட்டிப் பணிப்பாளர் நிஸ்லாவிடம் போனோம்.

"மற்றப் பக்கமா ஓடவிடுங்கோ," என்றார் தலைவர். "பிரதம அதிதிக்கு மேலை புழுதி விழுது."

"புழுதி காத்தாலை வருது, சேர். எந்தப் பக்கம் ஓடினாலும் விழும்."

"காத்துக்கு நாங்கள் உத்தரவு போட ஏலாது, மகள். காருக்குப் போடலாம்."

அந்த நேரம் பார்த்துப் பிரதம அதிதி இருமினார். தடம் இடஞ்சுழி ஆயிற்று.

அதன் பின் நடந்தது வரலாறு. வளைவு வந்தால் மற்றவர்கள் திணறினார்கள்; எங்கள் கார் அதுவாகவே திரும்பியது. நேர்ப்பகுதி வந்தால் பிறின்சி உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்து, ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தினாள். தலைவரின் பதினேழு மட்காட்டில் உரசி அலறியது. "கம்பீரத்தின்ரை சத்தம்!" என்று அவர் பிரதம அதிதிக்கு விளக்கினார். ஒவ்வொரு காராகப் பின்னால் விட்டாள். கடைசிச் சுற்று. முன்னால் யாருமில்லை. நான் கதிரையில் ஏறி நின்றேன். பெனடிக்ற் படம் பிடித்தார். தொழுதுவிட்டு வந்த சாஹுல் ஹமீட், "மாஷா அல்லாஹ், எங்கட பதினாலு!" என்று கூவினார்.

அந்தப் பதினாலுதான் வெடித்தது. கடையில் கிடந்தே காய்ந்துபோன ரயர். அந்தக் காற்றையே அவ்வளவு நேரம் தாங்கியது பெரிய விடயம்.

கார் மூக்கைத் திருப்பி நேராகப் பந்தலைப் பார்த்து வந்தது. பிறின்சி விடாமல் ஹோன் அடித்தாள். மோட்டார் சைக்கிளில் தலை சுற்றும் எங்கள் தலைவர், கால்நடையாக என்ன வேகம் போகக்கூடியவர் என்பதை அன்று கண்டோம். பந்தல் சரிந்தது. கழகத்தின் பதாகை காரின் கண்ணாடியை மூடியது. பிரதம அதிதியின் மேசைக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

கதவு திறக்கவில்லை. பிறின்சி ஜன்னலால் இறங்கினாள். "ஆருக்கும் ஏதும் பட்டுதோ?" என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் புழுதியில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

அப்போது தெற்கத்தி அணியின் முகாமையாளர் வந்தார். உயரமான பெண்மணி. காரைச் சுற்றிவந்து நான்கு சில்லையும் பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு முறை சுற்றிவந்தார்.

"இந்தக் காரையா இவ்வளவு நேரமும் நேராக வைத்திருந்தாய்?" என்று கேட்டார்.

பிறின்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

"நான்கு சில்லும் ஒரே அளவான கார் தந்தால் என்ன செய்வாய்?"

"நித்திரை கொண்டுடுவன், மிஸ்."

முகாமையாளர் சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "அடுத்த மாதம் வா. முழித்திருக்கிற வேலை நிறையத் தருகிறேன்."

இதை அடுத்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விடயத்தை எங்களைவிட நன்கறிந்தவர்கள் இல்லாததால் நாங்களே அதில் அமர்ந்தோம். பந்தல் சரிந்ததற்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும், ஓட்டுநருக்கு அணியில் இடம் கிடைத்ததற்குக் கழகமே காரணம் என்றும் பக்கச்சார்பின்றிக் கண்டறிந்தோம்.

அணியில் சேரப் போகுமுன் பயணம் சொல்ல வந்த பிறின்சி வாசலில் நின்று இதைக் கேட்டாள். கோபிக்கவில்லை. அதுதான் எங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது.

"பந்தலை இடிச்சது நான்தான், ஓம்," என்றாள். "அந்தச் சில்லுகளைப் போடவைச்சது ஆர்? ஒரேயொரு பேர் சொல்லுங்கோ, காணும்."

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கைப்பேசியைப் பார்த்தார். செயலாளர் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பேர் சொல்ல ஏலாது பிறின்சி. அது ஏகமனதா எடுத்தது."

"அப்ப ஒருத்தருமில்லை."

"ஒருத்தருமில்லை," என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அவள் தன் பதினைந்து நான்கையும் பூட்டியிருந்த காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேராகத்தான் போயிற்று. ஒருவர் தனியே செய்தால் அதற்குப் பிழை என்று பெயர். பலர் சேர்ந்து செய்தால் தீர்மானம் என்று பெயர். இந்த வேறுபாட்டைப் பாதுகாக்கத்தான் நாங்கள் இன்றும் மாதம் தவறாமல் கூடுகிறோம்.